நாற்பத்தேழாம் நம்பர்

எங்கள் இரவுப் பள்ளியில் நான் ஹஜேரி எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். மும்பைப் பள்ளிகளில் வருகைப் பதிவுக்கு அதுதான் பெயர். மராத்திச் சொல், ஆனால் இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வோம். மற்ற ஆசிரியர்கள் ரோல் நம்பரைக் கடகடவென்று சொல்லி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நான் நம்பர் சொல்வதில்லை. பெயரைச் சொல்லி, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையாவது கேட்பேன். "கைக்காயம் ஆறிடுச்சா?" "நேத்து ராத்திரியும் ஓவர்டைமா?" ஒரு பாடவேளையே முப்பத்தைந்து நிமிடம்தான். அதில் பத்து நிமிடம் பெயர் கூப்பிடவே போனால் எப்படி என்று தலைமை ஆசிரியர் ஒருநாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பாடம் முடியுமா என்ற கவலையில்தான் கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. என் பதில் என் அண்ணன். அதை எழுத்தில்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

நாங்கள் தாராவிக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். ஊரிலிருந்து அந்தக் காலத்தில் தாராவிக்கு வந்த நிறையப் பேரைப் போல அப்பாவும் தோல் பதனிடும் கூடத்தில்தான் முதலில் சேர்ந்தார். அந்த வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இட்லி வியாபாரத்துக்கு மாறினார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "காமராசர் மத்தியானம் சோறு போட்டார், அதனால பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன்" என்று இன்றைக்கும் சொல்வார். 1956-இல் அந்தத் திட்டம் தொடங்கிய சில வருடங்களில் பள்ளிக்குப் போன தலைமுறை அவருடையது.

மும்பையில் காலையில் சைக்கிளில் ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு இட்லி விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் நிறையப் பேர் தாராவியிலிருந்துதான் கிளம்புகிறார்கள். எங்கள் வீட்டில் மதியம் அரிசி ஊறும், சாயங்காலம் மாவு அரைபடும், விடியற்காலை மூன்று மணிக்கு முதல் ஈடு அடுப்பில் ஏறும். எங்கள் பாத்திரத்தில் ஓர் ஈட்டுக்கு முப்பத்தாறு இட்லி. அண்ணன் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே கணக்கு அவன் பொறுப்பு. பதினோரு ஈடு வெந்தால் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு, உடைந்தது ஏழு போக மீதி, நேற்றுக் கடன் வைத்தவர்கள் நான்கு பேர் என்று அவன் சொல்லிக்கொண்டே வருவான், அம்மா தலையாட்டிக்கொண்டே இட்லியை எடுத்து அடுக்குவார். காகிதம், பென்சில் எதுவும் கிடையாது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. அண்ணனும் நானும் படித்தது அப்படி ஒரு தமிழ்ப் பள்ளியில்தான். நல்ல பள்ளி. அங்கே கணக்கில் அவன்தான் முதல். ஆனால் அது ஏழாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போக வேண்டும். 1988 ஜூனில் அண்ணனுக்கு ஒரு மராத்திப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இடம் கிடைத்தது. வகுப்பில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள். அவனுடைய நம்பர் நாற்பத்தேழு.

மராத்தியில் நாற்பத்தேழு என்பது சத்தேச்சாளீஸ். ஏழு முன்னால் வரும், நாற்பது பின்னால் வரும், இரண்டும் ஒட்டி உருமாறிப் போயிருக்கும். இந்தியில் அதையே ஸைந்தாலீஸ் என்பார்கள். தெருவில் பேசுகிற பம்பாய் இந்தி அண்ணனுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் பள்ளிக்கூடத்து மராத்தி எண்கள் தெரியாது. ஆசிரியர் வேகமாக நம்பர்களைச் சொல்லிக்கொண்டே போவார். சத்தேச்சாளீஸ் வரும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அடுத்தது வந்துவிடும். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தன் நம்பர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

மூன்று வாரம் தினமும் பள்ளிக்குப் போன பையனுக்குப் பதிவேட்டில் மூன்று வாரமும் வரவில்லை என்று குறித்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு வந்தது. மராத்தியில் எழுதியிருந்ததால் எங்கள் வீட்டில் படிக்க ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்கா படித்துச் சொன்னதும் அப்பா அவனை அடித்துவிட்டார். பள்ளிக்குப் போகாமல் எங்கே சுற்றினாய் என்று கேட்டு அடித்தார். அண்ணன் அழாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. "அவங்க என்னையத்தான் கூப்பிடுதாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரல் முப்பத்தேழு வருடமாக எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நம்பர் விவகாரம் ஒருவழியாகச் சரியானது. ஆனால் அதற்குள் அவன் 'லக்ஷ நாஹீ' பையன் ஆகிவிட்டான். கவனம் இல்லாதவன் என்று அர்த்தம். பரீட்சைத் தாளில் அபூர்ணாங்க் என்று எழுதியிருந்தால் அது தனக்கு நன்றாகத் தெரிந்த பின்னம்தான் என்று அவனுக்கு யார் சொல்வது? மீச்சிறு பொது மடங்கைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன், லசாவி கண்டுபிடி என்றால் விழித்தான். ஒன்பதாம் வகுப்பில், மழைக்காலத்தில் ஒருநாள், பையைக் கொண்டுவந்து பரண்மேல் போட்டான். மறுநாள் விடியற்காலை அப்பாவின் இரண்டாவது சைக்கிளை எடுத்துக்கொண்டு இட்லி விற்கக் கிளம்பினான். பள்ளியிலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வரவில்லை. நான் பல மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது வருவார்கள் என்று.

1992-இல் என் முறை வந்தது. ஏழாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறை முழுக்க, மாவு அரைக்கும் நேரத்தில், அண்ணன் எனக்கு மராத்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லிக்கொடுத்தான். வியாபாரத்தில் கற்றுக்கொண்டது. முப்பத்தொன்பதுக்கு ஏகோணசாளீஸ், அதாவது நாற்பதுக்கு ஒன்று குறைச்சல். எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம தொண்ணூறு மட்டும் ஒழுங்கா? இன்னும் நூறு வரல, ஆனா பேருல நூறு வந்துடுதுல்ல, அது மாதிரிதான்" என்றான். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மாதிரி இருந்தவன் அதையெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

பள்ளி திறந்த அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். அவன் படித்த அதே பள்ளி. சைக்கிளை வாசலில் நிறுத்தினான். சட்டையில் சட்னி தெறித்த கறை. வகுப்பாசிரியை புதிதாக வந்தவர். இங்கே பெண் ஆசிரியர்களைப் பாயி என்றுதான் கூப்பிடுவோம். அவர் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில், "இவளை நம்பர் சொல்லிக் கூப்பிடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, முன்னாடி உட்கார வைங்க" என்றான். பதினேழு வயதுப் பையன் ஓர் ஆசிரியைக்கு உத்தரவு போடுகிற மாதிரி இருந்தது, எனக்கு வெலவெலத்துவிட்டது. பாயி கோபப்படவில்லை. என் பெயரைக் கேட்டார். பிறகு அவனைப் பார்த்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அவன் சொன்னான். திரும்பிச் சைக்கிளில் ஏறியவன், ஹாரனை அழுத்தாமலே தெருமுனை வரை போனான்.

அந்தப் பாயிதான் எனக்கு வழி திறந்தவர். ஒருநாள் வடிவியல் வகுப்பில் செங்கோண முக்கோணம் வரைந்து, நீளமான பக்கத்தைக் காட்டி, "இது கர்ண். உங்கள் தமிழில் என்ன?" என்று கேட்டார். "கர்ணம்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கே அப்போதுதான் உறைத்தது, நான் அந்நிய தேசத்துக்கு வந்துவிடவில்லை என்று. அன்று சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். தமிழ், மராத்தி, ஆங்கிலம். தொகுதி, அம்ஷ், நியூமரேட்டர். பகுதி, சேத், டினாமினேட்டர். சமன்பாடு, சமீகரண், ஈக்குவேஷன். தமிழ்ச் சொல் மறந்துபோனால் அண்ணனைக் கேட்பேன். "தொகுதி மேலே, பகுதி கீழே" என்று இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொல்வான். அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் கலவரம் வந்து தாராவி முழுக்க ஊரடங்கு. பள்ளி மூடிக் கிடந்த நாட்களில், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், அண்ணனும் நானும் அந்த நோட்டைத்தான் படித்தோம். அவன் என்னிடமிருந்து மராத்திச் சொல்லைக் கற்றுக்கொண்டான், நான் அவனிடமிருந்து கணக்கைக் கற்றுக்கொண்டேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு, கல்லூரி, கணக்கில் பட்டம், பி.எட். சில வருடம் பகல் பள்ளியில் வேலை. அப்புறம் இரவுப் பள்ளிக்கு வந்தேன், இங்கேயே தங்கிவிட்டேன்.

இரவுப் பள்ளி என்றால் தெரியாதவர்களுக்கு: பகலில் வேறு பிள்ளைகள் படிக்கும் கட்டடம், ராத்திரி எங்களுடையது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் தொடங்கி ஒன்பதரை வரை. எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகள். வேலை முடிந்து நேராக வருகிறவர்கள்தான் எல்லாரும். மகாராஷ்டிரத்துக்கு இது புதிதில்லை. ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்ரிபாயும் 1855-லேயே புனேயில் கூலித் தொழிலாளிகளுக்கும் விவசாயிகளுக்கும் ராத்திரிப் பள்ளி நடத்தினார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆனால் அது ஆறிலிருந்து பதினான்கு வயது வரைதான் கையைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து வயதில் கைவிடப்பட்ட பிள்ளையைத் தேடி யாரும் வருவதில்லை. அந்தப் பிள்ளை தானாக நடந்து வந்து சேரும் இடம் இதுதான். வாசலுக்கு வந்துவிட்ட பிறகும் அவனை நம்பராகவே வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

சில வருடத்துக்கு முன்னால் பதிமூன்றாம் காம்பவுண்டிலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். தாராவியில் பிளாஸ்டிக் பிரிக்கும் பகுதி அது. அங்கே வேலை செய்கிறவர்கள் பிளாஸ்டிக்கைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள், ஒடித்துப் பார்ப்பார்கள், சின்னத் துண்டைப் பற்றவைத்து வாசனை பிடிப்பார்கள், இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பையன் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. கடைசி பெஞ்ச், சுவரோரம். நோட்டில் கணக்கு இருக்காது, தேதி மட்டும் இருக்கும். இவனுக்குப் படிப்பு ஏறாது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. எனக்குப் பரண்மேல் கிடந்த பை ஞாபகம் வந்தது.

அன்று இரட்டைச் சமன்பாடு நடத்த வேண்டிய நாள். எக்ஸ், ஒய் எதையும் எழுதவில்லை. ஹஜேரியில் அவன் பெயர் வந்தபோது, "கெட்டி மால் இப்போ கிலோ என்ன விலை?" என்று கேட்டேன். நிமிர்ந்தான். "இருபத்திரண்டு." "மெல்லிசு?" "பதினாலு." சரி என்று பலகையில் எழுதினேன்: ரெண்டும் சேர்த்து ஐம்பது கிலோ போட்டாய், கையில் எண்ணூற்று அறுபது ரூபாய் வந்தது, கெட்டி எத்தனை கிலோ?

சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது. "இருபது."

எப்படி என்று கேட்டேன். எழுந்து நிற்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எல்லாமே மெல்லிசுன்னு வெச்சா எழுநூறுதான் வரும். நூத்தி அறுபது ஜாஸ்தி வந்திருக்கு. ஒரு கிலோவுக்கு எட்டு ரூபா வித்தியாசம். அப்போ இருபது கிலோ கெட்டி."

முழு வகுப்பும் பேசாமல் இருந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வரும் வேலையை அவன் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டான். அவன் சொன்னதையே பலகையில் எக்ஸ், ஒய் போட்டு எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "எக்ஸ்னா இன்னும் தராசுல வைக்காத மூட்டையா டீச்சர்?"

ஆமாம் என்றேன். இன்றுவரை அந்தப் பாடத்தை அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் அல்ஜீப்ராவுக்கு நாற்பது, ஜியாமெட்ரிக்கு நாற்பது, பள்ளியில் போடும் மதிப்பெண் இருபது. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அவன் மார்ச்சில் தேறவில்லை, ஜூலையில் எழுதித் தேறினான். இப்போது அதே பகுதியில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறான். நோட்டில் தேதி மட்டும் எழுதி வைத்த நாட்களைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "நான் வந்தேன்னு எங்கேயாவது எழுதியிருக்கணும்ல டீச்சர்" என்றான்.

என் நோட்டு இப்போது ஐந்தாவது பிரதி. தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, இப்போது தெலுங்கு, கன்னடம், உருது என்று கோடுகள் கூடிவிட்டன. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதல் வாரம் நான்தான் மாணவி. பின்னத்துக்கு உன் மொழியில் என்ன, விகிதத்துக்கு என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். என்ன தெரியாது என்று சோதிப்பதற்கு முன் என்ன தெரியும் என்று கேட்டுவிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி. இளம் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இந்த ஒன்றையாவது செய்துபாருங்கள்.

2019 ஜூனில் மகாராஷ்டிர அரசின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எண்களைச் சொல்லும் முறையை மாற்றியது. இருபத்தொன்றிலிருந்து ஒட்டிச் சொல்லும் பழைய பெயரோடு, பிரித்துச் சொல்லும் முறையும் வந்தது. நாற்பத்தேழை சாளீஸ் ஸாத் என்று சொல்லலாம், நம் தமிழ் போலவே நாற்பது முதலில், ஏழு பிறகு. பெரிய சர்ச்சை ஆனது. மராத்தியைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கோபப்பட்டது. கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்த கணித அறிஞர் மங்களா நார்லிகர், குழந்தைகளுக்கு இது எளிது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டே இருந்தார். செய்தித்தாளை அண்ணனிடம் காட்டினேன். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுண்டுவிரலால் வரி பிடித்து, மராத்தியிலேயே படித்தான். படித்து முடித்து மடித்து வைத்தான். "முப்பத்தோரு வருஷம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பதினேழாம் நம்பர் ஃபார்ம் போட்டுத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுது என்று அவனிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்கிறான். நான் வற்புறுத்துவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக அவன் வேறொன்று செய்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வகுப்புக்கு இட்லி கொண்டுவருகிறான். பிள்ளைகள் மதியம் சாப்பிட்டதோடு வருகிறவர்கள். முப்பத்தெட்டுப் பேர், ஆளுக்கு மூன்று, நூற்றுப் பதினான்கு. "மூணு ஈடும் ஆறு இட்லியும்" என்பான். ஒன்று கூடக் குறையாது, கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் விடுப்பு எடுப்பதில்லை. அப்படியும் இட்லி மிச்சம் ஆனால், யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண். தையல் கூடத்தில் வேலை. "பாப்பா, அந்த மூணாவது பெஞ்சுப் பிள்ளை போன வாரமும் வரலையே" என்று அண்ணன்தான் சொன்னான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நானே, இரண்டு கல்யாண வீடு, தேர்வுத்தாள் திருத்தல் என்று ஓடிக்கொண்டிருந்ததில், விசாரிக்காமல் விட்டிருந்தேன். வீடு தேடிப் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், கல்யாணம் என்றார்கள். பதினேழு வயது. அவளுடைய ஜியாமெட்ரி நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை மழை. அண்ணன் பாலிதீன் போட்டு மூடிய பாத்திரத்தோடு வந்தான். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைச் சாய்த்து என்னிடம் காட்டினான். அடியில் மூன்று இட்லி.

"அந்தக் குட்டைப் பையன்" என்றான். "லாண்டரில வேலை பாக்குதான்ல, அவன்."

அவன் வீடு எங்கே என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதரைக்குப் பள்ளி விட்டதும் அந்த மூன்று இட்லியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டோம். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான், நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.